பாலாலயம் இல்லாத இடிப்பு

2023ஆம் ஆண்டு சேலம் நகரின் நடுவே இரண்டு திறப்பு விழாக்கள் நடந்தன. ஜூன் 11 அன்று, பழைய பேருந்து நிலையம் இருந்த இடத்தில் எழுந்த ஈரடுக்குப் பேருந்து நிலையத்தை முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் திறந்துவைத்தார். அக்டோபர் 27 அன்று கோட்டை மாரியம்மனுக்குக் குடமுழுக்கு. ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு நடந்தே போய்விடலாம். இரண்டிலும் பழையதை அகற்றித்தான் புதியதைக் கட்டினார்கள். இரண்டு வேலையும் இழுத்துக்கொண்டே போனது. ஊர் மக்கள் இரண்டுக்காகவும் அலுத்துக்கொண்டார்கள். அம்மனுக்கு முந்தைய குடமுழுக்கு நடந்து அப்போது 30 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கிற வழக்கம் நம்மிடம் இல்லை. ஒன்று நகராட்சி நிர்வாகத்தின் வேலை, மற்றொன்று அறநிலையத் துறையின் வேலை. ஒன்று வளர்ச்சி, மற்றொன்று பக்தி. ஆனால் அடியில் இருக்கும் கேள்வி ஒன்றேதான்: பலருக்கும் சொந்தமான ஒரு கட்டடம் முதுமையடைந்துவிட்டால் அதை இடிக்கும் உரிமை யாருக்கு, எந்த நிபந்தனையின் பேரில்? இடித்துக் கட்டியபின் அங்கே நிற்பது பழையதன் தொடர்ச்சியா, வேறொன்றா? நகராட்சிப் பொறியாளர்கள் இதைப் பெரும்பாலும் கேட்பதில்லை. ஆகமம் எழுதியவர்கள் கேட்டிருக்கிறார்கள், பதிலும் சொல்லியிருக்கிறார்கள்.

அந்தப் பதிலின் பெயர் பாலாலயம்.

திருப்பணி தொடங்குமுன் கருவறையில் உள்ள மூர்த்தியின் ஆற்றலை நீர் நிறைந்த கும்பத்துக்கு அழைக்கிறார்கள். சிவாச்சாரியார்கள் இதைக் கலாகர்ஷணம் என்பார்கள். கும்பத்திலிருந்து அத்திப் பலகையில் வரைந்த உருவத்துக்கோ சிறு பிம்பத்துக்கோ அந்த ஆற்றல் மாற்றப்படும். வளாகத்துக்குள்ளேயே ஒதுக்குப்புறமாக ஓர் இடம் தயாராக இருக்கும். கீற்றுக் கொட்டகையாகவும் இருக்கலாம், தகரம் வேய்ந்ததாகவும் இருக்கலாம். விளக்கு, நைவேத்தியம், அர்ச்சனை எல்லாம் அன்று முதல் அங்கே நடக்கும், ஒரு வேளையும் தவறாமல். அதன் பிறகுதான் கருவறையில் கடப்பாரை விழலாம். இந்த வரிசையை மாற்ற யாருக்கும் அதிகாரம் கிடையாது. கொடையாளி எவ்வளவு பெரியவராக இருந்தாலும், ஸ்தபதி எவ்வளவு அவசரப்பட்டாலும், குடியிருப்பவருக்கு இடம் பார்த்த பிறகே கல்லில் கை வைக்க முடியும்.

வேலை முடிந்ததும் சிலையைப் பீடத்தில் இருத்த அஷ்டபந்தனம் சாத்துவார்கள். கொம்பரக்கு, குங்கிலியம், சுக்கான்தூள், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என எட்டுச் சரக்கு. கல்லில் போட்டு ஓங்கி ஓங்கி இடிக்க வேண்டும். முதலில் பொலபொலவென உதிரும். இடிக்கிற சூட்டில் அரக்கும் மெழுகும் இளக, வெண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கச் சேர்க்க, கையில் ஒட்டாமல் உருளும் பதத்துக்கு வரும். இடிப்பவரின் முதுகு வியர்வையில் நனைந்துவிடும். அந்த மருந்துதான் சிலைக்கும் பீடத்துக்கும் நடுவே உள்ள இடுக்கை அடைக்கிறது, நீர் இறங்காமல் காக்கிறது. அதன் ஆயுள் 12 ஆண்டு என்பது கணக்கு. அதனால்தான் 12 ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு. கட்டும்போதே தளரும் நாளையும் குறித்துவைத்தவர்கள் நம் முன்னோர். இது கவனிக்க வேண்டிய செய்தி. என்றும் அழியாது என்று அவர்கள் எதையும் கட்டவில்லை. அழியும், அப்போது இன்னது செய்ய வேண்டும் என்று எழுதிவைத்துவிட்டுக் கட்டினார்கள்.

நகராட்சி கட்டும் கான்கிரீட்டுக்கும் ஆயுள் உண்டு. காற்றில் உள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் கான்கிரீட்டுக்குள் ஊடுருவி, கம்பியைத் துருவிலிருந்து காக்கும் காரத்தன்மையைக் குறைக்கிறது. ஒழுகும் தளமாக இருந்தால் ஈரமும் சேர்கிறது. கம்பி துருப்பிடித்தால் பருமன் கூடும்; உள்ளிருந்து நெட்டித் தள்ளும்; காரை பெயர்ந்து விழும். ஐம்பது அறுபது ஆண்டுக்கு முன் கட்டிய சமுதாயக் கூடங்கள், பூங்கா வாசகசாலைகள், கலையரங்குகள் பலவற்றின் கூரையில் இன்று துருவேறிய கம்பி வெளியே தெரிகிறது. பழமையின் மேல் உள்ள பாசத்தால் அவற்றை அப்படியே விட்டுவைப்பது கருணை ஆகாது. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதன் பிறகுதான் மாநிலம் முழுக்கப் பழுதான பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்கும் வேலை வேகம் பிடித்தது. இடிக்க வேண்டியதை இடிக்காமல் விடுவது பாவம் என்றே சொல்லலாம்.

சைவ சித்தாந்தம் இதற்கு ஒப்பும். இறைவனின் ஐந்தொழிலில் படைத்தலுக்கும் காத்தலுக்கும் அடுத்து அழித்தல் வருகிறது. அது சினத்தின் செயலன்று என்பது சித்தாந்திகளின் துணிபு. பிறந்து பிறந்து களைத்த உயிர்களுக்கு ஓய்வு தருவதற்காகவே உலகம் ஒடுக்கப்படுகிறது என்பார்கள். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதம், உலகம் தோன்றி நின்று ஒடுங்குவதைச் சொல்லித்தான் முதல் சூத்திரத்தையே தொடங்குகிறது. பானைக்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என்று அந்த மரபு பிரித்துக்காட்டும். ஆனால் அதோடு நின்றுவிடவில்லை. இறைவன் உலகைப் படைப்பது தனக்காகவா என்று கேட்டு, தனக்கென்று ஒன்றும் வேண்டாதவன் அவன், எல்லாம் உயிர்களின் பொருட்டு என்று முடிக்கிறது. படைப்பும் அவற்றுக்காக, அழிப்பும் அவற்றுக்காக. உயிர்களை மறந்த அழித்தல் சித்தாந்தத்தில் இல்லவே இல்லை.

பழைய கட்டடமும் புதிய கட்டடமும் ஒன்றா என்ற கேள்விக்கு மற்றவர்கள் வேறு வழியில் போனார்கள். பௌத்தத்தில் நாகசேனர், மிலிந்த அரசனிடம் தேரைக் காட்டி, அச்சா தேர், சக்கரமா தேர், நுகமா தேர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, உறுப்புகளின் சேர்க்கைக்கு இட்ட பெயரே தேர் என்று நிறுவினார். கிரேக்கர்கள் தீசியஸின் கப்பலில் பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிவிட்டு, இது அதே கப்பலா என்று வாதிட்டார்கள். இரண்டும் கூர்மையான வாதங்கள்தான். ஆனால் இரண்டும் பொருளையே பார்த்துக்கொண்டிருக்கின்றன. தேரில் போக வேண்டியவர் எங்கே, அவர் வெயிலில் நிற்கிறாரா என்று கேட்டது நம் பக்கத்துக் கோயில் மரபு. நகர நிர்வாகத்துக்கு உடனே உதவக்கூடிய கேள்வி இதுதான்.

ஜப்பானின் இசே ஆலயம் இதே வரிசையைத்தான் பின்பற்றுகிறது. 20 ஆண்டுக்கு ஒருமுறை, பக்கத்தில் காலியாக விட்ட மனையில் புதிய மரக் கோயிலைக் கட்டி முடிக்கிறார்கள். தெய்வம் அங்கே குடிபெயர்ந்த பிறகே பழையது பிரிக்கப்படுகிறது. பிரித்த மரம் நாட்டின் வேறு ஆலயங்களுக்குப் போய்ச் சேரும். 2013இல் நடந்தது 62ஆவது முறை. கட்டடம் என்றும் இளமையாக இருக்கிறது. வழிபாட்டுக்கோ ஆயிரம் ஆண்டுக்கு மேல் வயது.

இனி டெண்டரைப் பார்ப்போம். 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் நல்ல சட்டம். அறிவிப்பு வெளிப்படையாக வர வேண்டும். தொழில்நுட்பத் தகுதிக்கு ஓர் உறை, விலைக்கு ஓர் உறை என்று வாங்கலாம். தகுதியுள்ளவர்களில் குறைந்த விலை கேட்டவருக்கு வேலை. அதற்கு முன் எஸ்டிமேட் தயாராகும். இடிக்க ஒரு கனமீட்டருக்கு எவ்வளவு, கழிவை அள்ளிச் செல்ல எவ்வளவு, கம்பி டன் எவ்வளவு, டைல்ஸ் சதுரமீட்டர் எவ்வளவு என்று வரிவரியாக எழுதுவார்கள். பழைய கட்டடத்திலிருந்து கிடைக்கும் கதவு, சன்னல், இரும்பு இவற்றின் மதிப்பைக் கணக்கிட்டுக் கழிப்பார்கள். வேலை நடக்க நடக்க ஓவர்சியர் டேப் பிடித்து அளந்து எம்.புக் எனும் அளவைப் புத்தகத்தில் எழுதுவார், அதைச் சரிபார்த்த பிறகு பில் பாஸ் ஆகும். முடிந்தபின் பழுது வந்தால் ஒப்பந்ததாரரே சரிசெய்ய ஒரு பொறுப்புக் காலமும் உண்டு.

துருப்பிடித்த சன்னல் கம்பிக்குக்கூட அதில் ஒரு வரி இருக்கிறது. அந்தக் கூடத்தில் நாள்தோறும் உட்காரும் மனிதருக்கு ஒரு வரி இருக்கிறதா?

சாயங்காலம் கேரம் ஆட வருகிற சுமை தூக்கும் தொழிலாளி, டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிக்க வீட்டில் இடமில்லாமல் வாசகசாலைக்கு வருகிற பெண், ஆண்டு விழாவுக்கு நகராட்சிக் கூடத்தை நம்பியிருக்கும் அரசுப் பள்ளி, தெருக்கூத்து ஒத்திகைக்கு மேடை தேடுகிற குழு. வேலை 18 மாதம் என்று ஒப்பந்தத்தில் இருக்கும். மூன்று நான்கு ஆண்டு ஆகிவிடுவதும் உண்டு. அவ்வளவு காலம் இவர்கள் எங்கே போவார்கள்? திரும்பி வரும்போது ஏ.சி. போட்ட புது அரங்கின் வாடகை அவர்கள் கைக்கு எட்டுமா? எட்டாவிட்டால், பெயர்ப்பலகை பழையதாகவே இருந்தாலும், மூர்த்தி வேறு.

மாற்றிடம் தந்ததற்குச் சேலத்தில் ஒரு நல்ல உதாரணமும் உண்டு. மத்திய அரசின் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேலம் 2016 செப்டம்பரில் இடம்பெற்றது. பழைய பேருந்து நிலையம், வ.உ.சி. மார்க்கெட், நேரு கலையரங்கம் என நகரின் பொது இடங்கள் பலவும் அந்தப் பணிகளில் சேர்ந்தன. பேருந்து நிலையத்தை இடிக்குமுன் போஸ் மைதானத்தில் தற்காலிக நிலையம் அமைத்தார்கள். வெயிலும் புழுதியும் நெரிசலும் இருந்தன. ஆனாலும் அம்மாப்பேட்டைக்கும் அயோத்தியாப்பட்டணத்துக்கும் பஸ் எங்கே நிற்கும் என்று பயணிகளுக்குத் தெரிந்திருந்தது. பஸ்களுக்குக் கிடைத்த பாலாலயம் அது. முடிந்திருக்கிறது என்பதே, மற்றக் கட்டடங்களுக்கும் முடியும் என்பதற்குச் சாட்சி. ஆனால் அதே போஸ் மைதானத்தில்தான் ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் திருவிழாவையொட்டி அரசுப் பொருட்காட்சி நடக்கும். ராட்டினத்துக்கும் டெல்லி அப்பளத்துக்கும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிற குடும்பங்களின் இடம் அது. ஒருவருக்கு இடம் தர மற்றொருவரின் இடம் போயிற்று. பொழுதுபோக்கு என்றால் தள்ளிவைக்கலாம் என்ற நினைப்பு நிர்வாகத்துக்கு எளிதாக வருகிறது. எளியவர்களுக்குச் செலவில்லாமல் கிடைக்கிற பொழுதுபோக்கு மிகக் குறைவு என்பதால், அதுதான் கடைசியாகத் தள்ளிவைக்கப்பட வேண்டியது.

பழையதிலிருந்து எதை எடுத்துச்செல்வது என்பது அடுத்த சிக்கல். 10ஆம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவி, சோழநாட்டில் செங்கல் கோயில்கள் பலவற்றை அகற்றிக் கற்றளியாக எடுப்பித்தார். திருக்கோடிக்காவலில் அப்படிச் செய்தபோது, பழைய கற்களில் முந்தைய அரசர்கள் காலத்துக் கல்வெட்டுகள் இருந்தன. யார் என்ன நிலம் கொடுத்தார், எந்த விளக்குக்கு எத்தனை ஆடு விட்டார் என்னும் வகைக் கணக்குகள் அவை. அவற்றைப் படித்து, புதுச் சுவரில் திரும்ப வெட்டவைத்தார். இது பழைய கல்லிலிருந்து எடுத்த படி என்ற குறிப்போடு அவை இன்றும் நிற்கின்றன. ஓர் அரசி நினைத்திருந்தால் தன் பெயரை மட்டும் வெட்டிக்கொண்டு போயிருக்கலாம். முன்னவர்கள் கொடுத்த வாக்கு புதுக் கட்டடத்தையும் கட்டுப்படுத்தும் என்று அவர் ஒப்புக்கொண்டார்.

கொங்குப் பக்கத்தில் இதையே எளிய மக்கள் பிடிமண்ணால் செய்கிறார்கள். பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் போகிற பங்காளிகள் குலதெய்வக் கோயிலில் ஒரு பிடி மண் எடுத்து மஞ்சள் துணியில் முடிந்துகொண்டு போய், குடியேறிய இடத்தில் அதை வைத்துக் கோயில் எழுப்புவார்கள். சேலம், நாமக்கல் வட்டாரத்தில் அப்படி வந்த கோயில்கள் ஏராளம். பழைய வீட்டை இடித்தால் வாசக்காலைப் பத்திரமாகக் கழற்றிப் புது வீட்டில் வைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

எடுத்துச்செல்வது வெறும் சின்னமாகவும் சுருங்கிவிடலாம். ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு இப்போதும் நிற்கிறது. 1930களில் டி.ஆர்.சுந்தரம் தொடங்கி, நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் எடுத்த ஸ்டூடியோ அது. உள்ளே இருந்த தளங்களும் இல்லை, தச்சர்களும் லைட்பாய்களும் இல்லை. வளைவின்முன் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். தனியார் தொழில் நின்றுபோனால் அப்படித்தான் ஆகும், அதில் யாரையும் குறைசொல்ல இடமில்லை. பொதுப் பணத்தில் கட்டிய கூடத்துக்கு அந்த நிலை வரக் கூடாது.

கோயில் எல்லாவற்றையும் சரியாகச் செய்கிறது என்று யாரும் சொல்ல முடியாது. திருப்பணி என்ற பெயரில் மணல்வீச்சு இயந்திரத்தால் கல்வெட்டுகளைத் தேய்த்திருக்கிறார்கள், மூலிகை ஓவியத்தின் மேல் எனாமல் பூசியிருக்கிறார்கள், பழைய மண்டபத்தை மதிப்புத் தெரியாமல் பெயர்த்திருக்கிறார்கள். 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் புராதனச் சின்னங்களையும் கோயில்களையும் காப்பது பற்றி 75 உத்தரவுகளைப் பிறப்பிக்க வேண்டியிருந்தது. கோட்டை மாரியம்மன் பக்தர்களும் பல ஆண்டுகள் காத்துக்கிடந்தார்கள். பாலாலயம் இருக்கிறதே என்ற தைரியத்தில் வேலையை ஆறப்போடுவதும் நடக்கிறது. ஆகவே இங்கே எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த ஒரு நியதியை மட்டும்தான். மற்றவற்றில் கோயில் நிர்வாகம் நகராட்சியிடமிருந்து கற்க வேண்டியதும் இருக்கலாம், குறிப்பாக எம்.புக் எழுதுவதில்.

குடியிருப்பவர் ஏற்கெனவே போய்விட்ட கட்டடங்களும் உண்டு. நகராட்சிப் பூங்காக்களில் முன்பு வானொலி அறை இருந்தது. சாயங்காலம் ஊழியர் வந்து கதவைத் திறந்து பெட்டியைப் போடுவார். கூம்பு ஒலிபெருக்கியில் மாநிலச் செய்தி வரும். புல்தரையில் உட்கார்ந்து ஊரே கேட்கும். வீட்டுக்கு வீடு டிரான்சிஸ்டர் வந்தது, பிறகு டிவி வந்தது. கேட்க ஆளில்லாமல் அறை பூட்டிக்கிடந்தது. அப்படிப்பட்டதை இடிக்கப் பாலாலயம் தேவையில்லை. ஆள் வராத கட்டடத்தையும் ஆள் நிறைந்த கட்டடத்தையும் எஸ்டிமேட் ஒரே கண்ணால் பார்ப்பதுதான் கோளாறு.

நாமக்கல்லுக்குப் போனால் இன்னொரு பக்கம் புலப்படும். அங்கே 18 அடி உயர ஆஞ்சநேயர் கூரையில்லாமல் நிற்கிறார். வெயிலும் மழையும் அவர் மேலேயே விழுகின்றன. அருகே மலையைக் குடைந்த நரசிம்மர் கோயில், அரங்கநாதர் கோயில். அதியர் மரபினர் 8ஆம் நூற்றாண்டில் குடைவித்தவை. அரங்கநாதர் குடைவரை அதியேந்திர விஷ்ணு கிருகம் என்று கல்வெட்டில் பெயர் பெற்றது. ஒழுகக் கூரையில்லை, துருப்பிடிக்கக் கம்பியில்லை. ஆனாலும் ஆஞ்சநேயருக்கு 2023 நவம்பர் 1 அன்று குடமுழுக்கு நடந்தது. சுவர் தேய்ந்ததால் மட்டும் புதுப்பிப்பதாக இருந்தால் அங்கே பெரிய வேலை இல்லை. ஊருக்கும் அவருக்கும் உள்ள உறவைத்தான் ஊர் திரும்ப உறுதிசெய்துகொள்கிறது. பொதுக் கட்டடத்தைப் புதுப்பிப்பதிலும் முதல் வேலை அந்த உறவுதான். டைல்ஸ் அதற்குப் பிறகு.

இதை நடைமுறைக்குக் கொண்டுவரப் புதுச் சட்டம் தேவையில்லை. எஸ்டிமேட்டில் மாற்றிடத்துக்கு ஒரு வரி, அதற்குத் தொகை. மாற்றிடம் திறந்தபிறகே இடிப்புக்கு ஒர்க் ஆர்டர். முன்பு பயன்படுத்தி வந்தவர்களின் பட்டியல் ஒன்று, அவர்களுக்குப் பழைய வாடகையிலோ இலவசமாகவோ நாள் ஒதுக்கும் மன்றத் தீர்மானம். பழைய அடிக்கல்லும் கொடையாளர் பெயர்ப்பலகையும் புதுச் சுவரில் ஏற வேண்டும் என்ற நிபந்தனை. ஒரு மாமன்ற உறுப்பினர் வற்புறுத்தினால் நடக்கிற காரியம் இது. மாநகராட்சிகளிலும் நகராட்சிகளிலும் 2022 முதல் பகுதி சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. பல வார்டுகளில் பத்துப் பேர்கூட வருவதில்லை. உங்கள் வார்டில் ஒரு சமுதாயக் கூடத்தையோ பூங்காக் கட்டடத்தையோ இடித்துக் கட்டப்போகிறார்கள் என்ற செய்தி காதில் விழுந்தால், டெண்டர் அறிவிப்பு வருமுன் அந்தக் கூட்டத்துக்குப் போங்கள். எவ்வளவு கோடி, எத்தனை மாடி என்பதைப் பிறகு கேட்கலாம். இங்கே தினமும் வருகிறவர்களுக்கு நாளை முதல் இடம் எங்கே என்று முதலில் கேளுங்கள்; பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதவைத்துவிட்டு வாருங்கள்.